காற்று யார் பக்கம்?



1995 மார்ச்சில் மணிரத்னத்தின் ‘பம்பாய்’ வெளிவந்தது. அதைப் பற்றிப் பேசாத மேடை நம்மிடம் இல்லை. கண்டித்து எழுதாத ஏடு இல்லை. கலவரத்தை யார் தொடங்கியதாகக் காட்டினார்கள்? ஆயுதத்தை யார் கையில் கொடுத்தார்கள்? காதல் கதை என்றால் பெண்ணை மட்டும் ஏன் நம் வீட்டிலிருந்தே எடுக்கிறார்கள்? இப்படியெல்லாம் கேட்டோம். நியாயமான கேள்விகள்தான். ஒன்றைக்கூட நான் திரும்பப் பெறச் சொல்லவில்லை.

ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்கவே இல்லை. அந்தப் படத்தில் அடித்த காற்று யார் பக்கம்?

சிரிக்காதீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

பம்பாயில் படித்துவிட்டு நெல்லைப் பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்புகிறான் சேகர். தண்ணீர்க் கரை. கறுப்பு புர்கா அணிந்த பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். காற்று வீசுகிறது. ஒருத்தியின் முகத்திரை விலகுகிறது. அவன் பார்க்கிறான். கதை தொடங்கிவிட்டது! அவள் பெயர் ஷைலா பானு என்பது நமக்குப் பின்னால்தான் தெரிய வருகிறது. அவள் யார், அவளுக்கு என்ன பிடிக்கும், அந்த நேரத்தில் அவள் மனத்தில் என்ன ஓடியது என்பதெல்லாம் அந்த இடத்தில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. முகம் தெரிந்தது, போதும்.

காற்று தானாக அடித்தது என்று நினைக்கிறீர்களா? சினிமாவில் தானாக அடிக்கிற காற்று கிடையாது. எப்போது அடிக்க வேண்டும், எந்தத் துணி எவ்வளவு விலக வேண்டும், விலகும்போது கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்த பிறகுதான் அடிக்கும்.

கேமரா எங்கே நிற்கிறது?

முதல் சூட்சுமம் இதுதான். ஒரு ஷாட்டில் அவன் கண்களைக் காட்டுகிறார்கள். அடுத்த ஷாட்டில் அவள் முகம். மறுபடி அவன் கண்கள். இரண்டையும் ஒட்டிவிட்டால், இரண்டாவது ஷாட்டில் தெரிவது அவன் பார்த்தது என்று நம் மூளை தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேரும் அந்த நொடியில் அவன் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆணும் பெண்ணும், இந்துவும் முஸ்லிமும் எல்லோரும் அங்கேதான்! அவள் கண்ணுக்குள் உட்கார்ந்து அவனைப் பார்க்க அந்த இடத்தில் யாருக்கும் சீட்டு கொடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் தன்னையே வெறித்துப் பார்ப்பது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த ஷாட் எடுக்கப்படவே இல்லை.

மற்ற கருவிகளும் நீங்கள் அறிந்தவைதான். இப்படிப்பட்ட ‘முதல் பார்வை’க் காட்சிகளில் நம் சினிமா திரும்பத் திரும்ப எடுப்பது இவற்றைத்தான். குளோசப் வைத்தால் பெண்ணுக்குக் கால் இருக்காது, கை இருக்காது, நிற்கும் இடமும் இருக்காது. நீண்ட லென்ஸ் போட்டால் பின்னால் இருக்கும் ஊரே கலங்கிய நிறமாகிவிடும். அவள் ஓர் ஊரில் பிறந்து வளர்ந்தவள் என்பதே மறந்துபோகும். திரையில் நொடிக்கு 24 சட்டம் ஓடுகிறது. படம் பிடிக்கும்போது அதை 48 ஆக ஓட்டிவிட்டால், ஒரு நொடியில் நடந்தது திரையில் இரண்டு நொடியாகும். ஒரு பெண் தன் முக்காட்டைச் சரிசெய்ய எடுக்கும் நேரம் இரட்டிப்பாக நீண்டு, பார்ப்பவனின் சொத்தாகிவிடுகிறது. வசனத்தையும் எடுத்துவிட்டு இசையைப் போட்டுவிட்டால் அவளுக்கு வாயும் தேவையில்லை.

1975-லேயே லாரா மல்வி என்ற ஆங்கிலேயப் பெண்மணி இதை விரிவாக எழுதிவிட்டார். சினிமாவில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண். கேமரா, கதாநாயகன், ரசிகன் மூவரும் ஒரே கண்ணாகிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். ‘பம்பாய்’ வந்த அதே 1995-இல் தேஜஸ்வினி நிரஞ்சனா ஓர் ஆங்கில வார இதழில் இந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு, தேசியமும் மதவாதமும் பெண்ணும் அதில் எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். நாம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம்? போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்தோம்.

சிவகாசிக்காரனுக்கு இது புதிதா?

போஸ்டர் என்றதும் நம் ஊர் நினைவுக்கு வரத்தான் செய்யும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும் என்று தொடங்கிய அச்சுத்தொழில், நாட்டுக்கே காலண்டரும் போஸ்டரும் அடித்துக் கொடுக்கும் தொழிலாக வளர்ந்த ஊர் இது. கேமரா என்ன செய்கிறது என்று மற்ற ஊர்க்காரனுக்குத்தான் பாடம் நடத்த வேண்டும். கட்டிங் மெஷின் அருகே ஒரு வருடம் நின்ற சிவகாசிப் பையனுக்கு வேண்டியதில்லை.

ஒரு பெண்ணின் முழுப்படம் வருகிறது. கையில் குடம், பின்னால் தெரு, காலில் புழுதி. லேபிளுக்குக் கழுத்துக்கு மேல் போதும் என்கிறார் பார்ட்டி. வெட்டுக் குறி போடப்படுகிறது. குடம் போயிற்று, தெரு போயிற்று, அவள் வேலையும் போயிற்று. மிச்சம் ஒரு சிரிப்பு. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நாலு கலர் ஏறி அந்தச் சிரிப்பு பெட்டியின் மேல் ஒட்டுகிறது. அதே பெட்டிக்குள் இருக்கும் வெடியைச் சுற்றியதும் அடைத்ததும் பெரும்பாலும் பெண்களின் கைகள். மருந்து ஏறி நிறம் மாறிய அந்தக் கைகளை எந்த லேபிளிலாவது பார்த்திருக்கிறீர்களா? கைக்குச் சொந்தக்காரி உள்ளே, முகத்துக்குச் சொந்தக்காரி வெளியே. நம் தொழில் நமக்குத் தினமும் இதைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அவன் கை, அவள் காற்று

படத்துக்குத் திரும்புவோம். பிறகு ஒரு படகுக் காட்சி. பெண்களோடு உட்கார்ந்து போவதற்காக சேகரே ஒரு புர்காவை மாட்டிக்கொள்கிறான். தியேட்டர் சிரித்தது. வேஷம் போட்டார்கள், கேலி செய்தார்கள் என்று நமக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். அவன் போட்ட திரையை விலக்கியது அவன் கை. தனக்கு வேண்டிய நேரத்தில், வேண்டியவள் முன்னால், தானே விலக்கிக்கொண்டான். அவள் திரையை விலக்கியது காற்று. ஒரே துணிதான். ஆணுக்கு அது வேஷம், கழற்றினால் அவன் அவனே. பெண்ணுக்கு அது பூட்டு, அதைத் திறப்பது அவளல்ல.

‘உயிரே’ பாட்டில் அவள் ஓடி வருகிறாள். கேரளத்தின் பேக்கல் கோட்டை. ஓடும் வழியில் அங்கி சிக்கிக்கொள்ள, அதை விட்டுவிட்டு ஓடுகிறாள். “பார்த்தாயா, பர்தாவைக் கழற்றினால்தான் காதல் என்கிறான்” என்று நம் பேச்சாளர்கள் முழங்கினார்கள். சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டார்கள். அதுவரை காற்று செய்த வேலையை அவள் கை முதன்முதலாகச் செய்கிறது. எதற்காக? அவனிடம் ஓடிப் போவதற்காக. படிக்க ஓடவில்லை, பிழைக்க ஓடவில்லை. அவளுக்கென்று ஒரு கால் முளைத்ததே அவன் இருக்கும் திசையில்தான்.

உடையையும் கவனியுங்கள். தென்மாவட்டங்களில் நம் பாட்டிமார் போர்த்தியது வெள்ளைத் துப்பட்டி. பலர் சேலைத் தலைப்பையே முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அந்த வெள்ளை ஏன் திரைக்கு வரவில்லை? வெயிலில் வெள்ளையும் வெள்ளையும் கலந்துபோகும். கறுப்பிலிருந்து ஒரு வெளுத்த முகம் வெளியே வந்தால்தான் கண்ணைப் பறிக்கும். மற்ற காரணங்களும் இருக்கலாம். படத்தில் முஸ்லிம் தகப்பனாக நடித்தவர் கிட்டி, இந்துத் தகப்பனாக நடித்தவர் நாசர் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்த்தேன். ஆண்களை இப்படி மாற்றிப் போட்டுப் பார்க்கத் துணிந்தவர்களுக்குப் பெண்ணின் கறுப்பு மட்டும் மாற்ற முடியாததாக இருந்திருக்கிறது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மதுரை திருமலை நாயக்கர் மகாலில் எடுத்த ‘கண்ணாளனே’ பாட்டில் குரல் அவளுடையது, சித்ரா பாடியது. அங்கே அவளும் பார்க்கிறாள். தூண்களுக்கு நடுவே பார்வை இரண்டு பக்கமும் போய் வருகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவள் ஆளாக இருக்கிறாள். ராஜீவ் மேனனின் ஒளியில் எனக்கும் மயக்கம் உண்டு. மயக்கம் இல்லாவிட்டால் இவ்வளவு எழுத வேண்டிய அவசியமே இல்லை. மோசமாக எடுத்த படம் யாரையும் எதுவும் செய்யாது. இந்தப் படத்தொகுப்புக்கு சுரேஷ் அர்ஸ் தேசிய விருது வாங்கினார். படத்துக்கே தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது கிடைத்தது. அப்படிப்பட்ட கெட்டிக்காரக் கைகள் செய்த வேலை இது.

பஸ் ஸ்டாண்டில் அடித்த காற்று

இனி என் கதை. அப்போது எனக்கு 22 வயது. பேப்பர் கடையில் வேலை. ஜமாஅத்தில் யாருக்கும் தெரியாமல் வெளியூர் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். முகத்திரை விலகியபோது விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். மறுவாரம் கண்டனக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தக்பீர் சொன்னவர்களிலும் நானே ஒருவன். இரண்டும் உண்மை.

என் சின்னத்தா மகள் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். பஸ்ஸில் போய்ப் படிக்க வேண்டிய கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. புர்கா போட்டுக்கொண்டுதான் போனாள். பஸ் ஸ்டாண்டில் நாலைந்து பையன்கள் அந்தப் பாட்டின் மெட்டை முனகுவார்கள். ஒருநாள் ஒருவன் அருகில் வந்து, உதட்டைக் குவித்து, அவள் முகத்திரையின் மேல் ஊதினான். “காத்து வரலைன்னா நாமதானடா அடிக்கணும்” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

பையன்கள் வேற்று மதத்தவர்கள் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை சகோதரா. அதில் இரண்டு பேர் நம் தெரு. வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் நின்று தொழுதவர்கள்.

வீட்டில் விஷயம் தெரிந்தது. சின்னத்தா பையன்களின் வீட்டுக்குப் போனாரா? ஜமாஅத்தில் பிராது கொடுத்தாரா? இல்லை. மகளின் புத்தகங்களைக் கட்டிப் பரணில் வைத்தார். “படிச்சது போதும்மா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார். முதல் வருடத்தின் பாதியில் அவள் படிப்பு நின்றது. நானும் தலையாட்டினேன்.

கேமரா செய்ததையேதான் நாமும் செய்தோம். பார்க்கிறவனை அப்படியே விட்டுவிட்டு, பார்க்கப்படுகிறவளை வெட்டினோம்.

எதைத் தடுத்தோம்?

1995 ஜூலையில் மணிரத்னத்தின் சென்னை வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் காயமடைந்தார். வீசியவன் எவனாக இருந்தாலும் ஷைலா பானுவுக்காக வீசவில்லை. அந்தக் குண்டுக்குப் பிறகு படத்தைப் பற்றி நியாயமாகப் பேச வந்தவர்களுக்கும் வாய் அடைபட்டது.

2013-இல் ‘விஸ்வரூபம்’. தமிழக அரசு தடை விதித்தது, பேச்சுவார்த்தை நடந்தது, சில இடங்களில் ஒலியை நீக்கச் சம்மதித்து பிப்ரவரி 7-இல் படம் வெளிவந்தது. நம் அமைப்புகள் ஒன்றாக நின்றதில் எனக்கும் பெருமை இருந்தது. ஆனால் பேசப்பட்டது எது? தீவிரவாதி, வசனம், திருமறை ஓதும் ஒலி. ஆணின் கையில் துப்பாக்கி இருந்தால் துடிக்கிறோம். பெண்ணின் வாயில் பேச்சு இல்லாவிட்டால் நமக்கு வலிப்பதில்லை! ஒலியை நீக்கச் சொல்லத் தெரிந்த நமக்கு, ஒலியே இல்லாமல் நிற்பவளைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு கடற்கரை

“வேறு எப்படித்தான் எடுப்பது? பர்தா போட்ட பெண்ணைக் காட்டினால் இப்படித்தான் வரும்” என்று சிலர் சொல்லக்கூடும். வராது. 2000-இல் ஈரானில் மர்ஸியே மெஷ்கினி என்ற பெண் ‘நான் பெண்ணான நாள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு படம் எடுத்தார். மூன்று கதைகள் கொண்ட படம். நடுக்கதையைக் கேளுங்கள். கிஷ் தீவு. அங்கேயும் கடல்தான், காற்றுதான், கறுப்புத் துணிதான். ஆஹு என்ற பெண் கறுப்பு சாதர் அணிந்து சைக்கிள் ஓட்டுகிறாள். அவளோடு அதே கறுப்பில் ஏராளமான பெண்கள். சைக்கிள் பந்தயம்!

காற்று அங்கேயும் துணியைப் பிடித்து இழுக்கிறது. ஆனால் கேமரா கரையில் நின்று அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவளோடு சேர்ந்து ஓடுகிறது. பெடலை மிதிக்கும் கால் தெரிகிறது. மூச்சு வாங்குவது கேட்கிறது. முந்திச் செல்பவளை அவள் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். துணி பறப்பது அவள் வேகத்தைக் காட்டுகிறது; ‘முகம் தெரியுமா?’ என்று யாரும் காத்திருக்கத் தோன்றாத காட்சி. துணியை யாரும் மாற்றவில்லை. கேமரா நின்ற இடம் மாறியது, அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் நம் மேடைக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கதையில் குதிரைகள் வருகின்றன. முதலில் புருஷன் குதிரையில் வந்து, சைக்கிளை விட்டு இறங்கு என்கிறான். அடுத்து ஒரு முல்லா. அப்புறம் குலத்துப் பெரியவர்கள். கடைசியில் சொந்தச் சகோதரர்கள். ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் வேகமாக மிதிக்கிறாள். அந்தக் குதிரைகளில் வருபவர்கள் பம்பாயிலிருந்து வந்த சேகர்கள் அல்ல. அவள் வீட்டு ஆண்கள். அந்தக் குளம்புச் சத்தம் கேட்டபோது எனக்குப் பரணில் புத்தகம் ஏறிய சத்தம் கேட்டது.

அசைன்மென்ட்

2022 பிப்ரவரி உங்களுக்கு நினைவிருக்கும். கர்நாடகத்தில் ஹிஜாப் பிரச்சினை கொழுந்துவிட்டு எரிந்த நேரம். மாண்டியாவில் ஒரு கல்லூரி. கறுப்பு புர்காவில் ஒரு மாணவி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடக்கிறாள். காவித் துண்டு போட்ட கூட்டம் கோஷமிட்டுச் சூழ்கிறது. அவள் திருப்பிக் குரல் கொடுத்துவிட்டு நடையை நிறுத்தாமல் போகிறாள். அதன் வீடியோ நாடெங்கும் பரவியது. நல்ல லென்ஸ் இல்லை, இசை இல்லை, ஸ்லோமோஷன் இல்லை. நடக்கிற பெண்ணை நடக்கிறபடி காட்டியது. அதனால்தான் நெஞ்சை உலுக்கியது.

அதை நம் இளைஞர்கள் என்ன செய்தார்கள்? வேகத்தைக் குறைத்தார்கள். பின்னணி இசை போட்டார்கள். பக்கத்தில் சிங்கத்தின் படத்தை ஒட்டி ‘பெண் சிங்கம்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அன்போடுதான் செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் மணிரத்னத்தின் கருவிப் பெட்டியைத்தானே திறந்தார்கள்? அன்றைக்குத் தான் எதற்காகக் கல்லூரிக்குப் போனேன் என்று அந்த மாணவியே சொன்னாள்: அசைன்மென்ட் கொடுக்க. அதை எந்த ஸ்டேட்டஸிலாவது பார்த்தீர்களா? சிங்கத்துக்கு ஏது அசைன்மென்ட்!

அவளுக்காக ஸ்டேட்டஸ் வைத்த கைகளில் எத்தனை கைகள் சொந்தத் தங்கையின் கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டன? கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தடையை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அக்டோபரில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அவற்றை எதிர்த்துப் பேச நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. கல்லூரி வாசலில் துணியைக் காட்டித் தடுப்பவனுக்கு எதிராகப் பேசும் வாய், வீட்டு வாசலில் துணியைக் காட்டித் தடுப்பவனிடமும் பேசட்டும்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடிப்பெருக்கு அன்று நம் ஊர் அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். நம் கடைகளுக்குக் கஅபா படமும் தொழுகை நேரமும் போட்ட காலண்டரை ஆர்டர் கொடுக்கிறோம். நல்லது. ஆனால் வியாபாரத்துக்கென்று வாங்கி வைக்கும் பட்டாசு லேபிளிலும், துணிக்கடைக் கவரிலும், பேனரிலும் இருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டால், “அது பார்ட்டி கேட்டது, நமக்கென்ன” என்கிறோம். மணிரத்னமும் அதைத்தானே சொல்வார்? வெட்டுக் குறியை எங்கே போடுவது என்று சொல்லும் அதிகாரம் ஆர்டர் கொடுப்பவருக்கு உண்டு. அந்த அதிகாரத்தில் கொஞ்சம் உங்கள் கையில் இருக்கிறது.

இதை எழுதும் முன் சின்னத்தா மகளிடம் அனுமதி கேட்டேன். இப்போது அவள் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அதே பஸ் ஸ்டாண்டில்தான் ஏறுகிறாள். அன்று ஊதியவன் இன்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரியாதையான இடத்தில் இருக்கிறான்.

“எழுதுங்கண்ணே. என் பேரு மட்டும் போட்டுறாதீங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: “அவன் பேரையும் போட மாட்டீங்கதானே?”